விடியற்காலை நடைக்கு வுர்கோஸ் எஃப்சி11 டார்ச்: பாம்பு பார்க்க நல்லது, தேவாங்கு பார்க்க ஆகாது

பன்னேர்கட்டா சாலை, கனகபுரா சாலை, துரஹள்ளி காட்டை ஒட்டிய லேஅவுட்டுகள் என்று பெங்களூரின் தெற்கு ஓரத்தில் இருட்டோடு நடக்கக் கிளம்புகிறவர்கள் டார்ச் வாங்கப் போனால் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் அடிக்கும்?" சிறுத்தை பயம், நியாயம்தான். ஆனால் ஜனவரியில் சூரியன் வர 6.45 ஆகிவிடும் ஊரில், ஐந்தரைக்கு நடப்பவருக்கு உண்மையான ஆபத்து காலுக்கு மூன்றடி முன்னால் இருக்கிறது: சருகுக்குள் படுத்திருக்கும் கண்ணாடி விரியன். சாரை ஆள் அரவம் கேட்டதும் ஓடிவிடும். விரியன் பெரும்பாலும் நகராது. குக்கர் ஆவி விடுவது போலச் சீறும். சில சமயம் அதுவும் இல்லை. அதனால் இந்த டார்ச்சை தூரத்தை வைத்து எடைபோடவில்லை, தரையை எப்படிக் காட்டுகிறது என்பதை வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

எஃப்சி11, சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் 18650 வகை லித்தியம் செல் ஒன்றில் ஓடும் சின்ன கை டார்ச். பக்கவாட்டில் சுவிட்ச், யுஎஸ்பி-சி சார்ஜிங், அடியில் காந்தம். இதன் பலம் எல்ஈடி. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான சிஆர்ஐ அளவு இதில் 90க்கு மேல். மலிவு டார்ச்சுகளின் நீலம் கலந்த வெள்ளையில் பழுப்பு, காவி, சிவப்பு எல்லாம் ஒரே சாம்பலாக வெளுத்துப்போகும். விரியனின் உடம்போ பழுப்பு. அதன் மேல் கருவிளிம்பு கட்டிய வட்டங்கள் மூன்று வரிசை. தூங்குமூஞ்சி மரத்துச் சருகில் அந்த வட்டங்களைப் பிரித்துக் காட்டுவது நிறம்தான், வெளிச்சத்தின் அளவு இல்லை. வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சொல்லும் கெல்வின் அளவில் 4000, 5000 இரண்டும் கையில் கிடைத்தால் 4000ஐ எடுங்கள். மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் தரைக்கு நல்லது.

பெட்டியில் போட்டிருக்கும் 1300 லூமன் என்ற வெளிச்ச அளவை மறந்துவிடலாம். இந்த அளவு டார்ச் எதுவானாலும் உச்ச வெளிச்சத்தில் சீக்கிரம் சூடேறும், தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நடக்க 100 லூமன் அளவு போதும். 3000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள செல்லில் கிட்டத்தட்ட 11 வாட்-மணி மின்சாரம் இருக்கும். 100 லூமனுக்கு ஒரு வாட்டுக்குச் சற்று மேல் செலவாகும் என்று வைத்தால், தினம் ஒரு மணி நேர நடைக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டால் சரியாகிவிடும்.

எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நெற்றி விளக்கு வசதிதான், ஆனால் பாம்பு தேட அது மோசம். கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போனால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், தரை தட்டையாகத் தெரியும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து, நாலைந்து அடி முன்னால் சாய்வாக அடியுங்கள். ஒவ்வொரு குச்சிக்கும் கல்லுக்கும் நிழல் நீளும், உருண்ட உடம்பு தனியே தெரியும். மழைநீர்க் கால்வாய் மேல் போட்ட சிலாப் இடுக்குகளைக் கட்டாயம் பாருங்கள். கீழே எலி, எலிக்குப் பின்னால் பாம்பு.

புதரில் ஏதாவது அசைந்தால் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்: டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். விலங்கின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், கண்ணருகே பிடித்தால்தான் பளபளப்பு தெரியும். நாய், பூனை, மரநாய், சிறுத்தை எல்லாவற்றின் கண்ணும் மின்னும். பாம்புக் கண் மின்னாது. புல்லில் வைரப் பொடி போல மினுங்கினால் அது சிலந்தி. பெரிய கண் ஜோடி என்று சந்தேகம் வந்தால் நின்றுவிடுங்கள், குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், குனியாமல், ஓடாமல், சத்தமாகப் பேசியபடி பின்வாங்குங்கள். மினுக்கும் ஸ்ட்ரோப் முறையைப் போட்டு விரட்டப் பார்க்காதீர்கள். தப்பிக்க வழி தெரியாத சிறுத்தைதான் பாயும்.

குறைகள். சுவிட்சைப் பாக்கெட்டில் தெரியாமல் அழுத்திவிட்டால் துணி கருகும் அளவுக்குச் சூடாகும். பையில் போடும்போது பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி, சுவிட்சை அழுத்தி எரியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜிங் துளையின் ரப்பர் மூடி சரியாக அமராவிட்டால் மழையில் தண்ணீர் இறங்கும். பின்மூடியின் ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் போடுங்கள், வாசலின் வேண்டாம்; சில வகை ரப்பர் அதில் உப்பிப்போகும். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அடிக்காந்தம் உள்ள எதையும் சட்டைப் பையில் வைக்கக் கூடாது.

பெரிய குறை, சிவப்பு விளக்கு இல்லாதது. பெங்களூரின் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்), ஜிகேவிகே (வேளாண் பல்கலைக்கழகம்) வளாகங்களின் மரங்களில் இன்னும் தேவாங்கு வாழ்கிறது. இருட்டுக்கென்றே அமைந்த அந்தக் கண்ணில் வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சுவது கொடுமை. இந்த டார்ச்சோடு போவதானால் சிவப்பு செல்லோஃபேன் தாளை இரண்டு மடிப்பாக முகப்பில் ரப்பர் பேண்டால் கட்டி, குறைந்த வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். சிவப்பு எல்ஈடி உள்ள வேறு டார்ச் வாங்குவது இன்னும் நல்லது.

தடித்த ஷூவும் கைத்தடியும் டார்ச்சுக்கு மாற்று இல்லை. மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். பாம்பு கடித்துவிட்டால் கட்டு இறுக்காமல், கீறாமல், நடக்கவிடாமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

மாற்றுச் செல்லை பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் வாங்குகிறவர்கள் தராசு கேளுங்கள். நல்ல 18650 செல் பொதுவாக 45 கிராம் சுற்றில் இருக்கும். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல கம்பெனிச் செல்களே பொதுவாக 3500 சுற்றில்தான் நிற்கும்.