விக் வாங்கப் போறீங்களா? பில்லுல "மனித முடி"ன்னு எழுதி வாங்காம காசு குடுக்காதீங்க

எங்க அக்காவுக்கு மார்புல கேன்சர், மதுரையில கீமோ ஓடிட்டு இருக்கு. முதல் கீமோ அன்னைக்கே நர்ஸம்மா சொல்லிட்டாங்க, இந்த சிவப்பு மருந்துக்கு ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்டிரும், முன்னாடியே குட்டையா வெட்டிக்கோங்க, பிளேடு வச்சு மட்டும் மழிக்காதீங்க, கீறல் பட்டா இன்ஃபெக்‌ஷன் ஆயிரும், ட்ரிம்மர் போதும்னு. அக்காவுக்கு இடுப்பு வரைக்கும் சடை. அடுத்த மாசம் மகளுக்கு சடங்கு வேற வச்சிருந்தோம், மொட்டத் தலையோட எப்படி சபையில நிப்பேன்னு ஒரே அழுகை. அந்த அவசரத்துலதான் ஏமாந்தோம்.

போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு, கீமோ பேஷண்டுக்கு ஸ்பெஷல் தள்ளுபடின்னு. போனா கடைக்காரர் அவ்ளோ இதமா பேசுறார், கோயில் முடிம்மா, நூத்துக்கு நூறு மனுஷ முடி, 22,000 ரூபா, உங்களுக்காக 16,500, இன்னைக்கே குடுத்தாத்தான் இந்த ரேட்டுன்னார். மாமா மோதிரத்த அடகு வச்சு கட்டினோம். அளவு எடுக்கும்போது அக்கா தலையில சடை அப்படியே இருந்துச்சு, அதுக்கு மேலயே டேப் வச்சு எடுத்தாங்க, முடி போனா அளவு குறையுமேன்னு எங்களுக்கும் தோணல.

17ஆம் நாள் காலைல தலையணை பூரா முடி. விக்கத் தலையில மாட்டினா லொடலொடன்னு இருக்கு, குனிஞ்சா முன்னாடி இறங்குது, வேர்வையில உச்சந்தலையெல்லாம் பொரிப் பொரியா வந்துருச்சு. மூணாவது நாள் இட்லிப் பானையத் திறந்தா, அந்த ஆவி பட்டு நெத்திப் பக்க முடி அப்படியே சுருண்டு நைலான் நார் மாதிரி ஆயிருச்சு. தெருவுல பார்லர் வச்சிருக்க அக்காகிட்ட காட்டினேன், அவங்க அதுல ரெண்டு இழைய உருவி லைட்டர்ல காட்டினாங்க, உருகி கருப்பா ஒரு குண்டு மணி மாதிரி கெட்டியாயிருச்சு, பிளாஸ்டிக் வாடை. வெட்டி எடுத்து வச்சிருந்த அக்கா சடையில இருந்து ஒரு இழையக் கொளுத்துனா பொசுங்குற நாத்தம், விரல்ல தேச்சா சாம்பல். இதத்தான் நாங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி பண்ணிருக்கணும். உண்மையான முடி விக்கறவங்க ஒரு இழை குடுக்க யோசிக்க மாட்டாங்க.

சிந்தெடிக் விக் கெட்டதுன்னு சொல்லல, கனம் கம்மி, விலையும் கம்மி, அடுப்புப் பக்கம் போகாம இருந்தா தாராளமா போடலாம், ஆனா அத சிந்தெடிக் விலைக்கு விக்கணும்ல.

திருப்பிக் குடுக்கப் போனா ஆளே மாறிட்டார். யூஸ் பண்ணிட்டீங்க, ஹைஜீன் பிரச்சனை, ரிட்டர்ன் கிடையாதுன்னுட்டார். பில்ல எடுத்துப் பாத்தா "ஹேர் அக்சஸரி 1"ன்னுதான் இருக்கு, மனுஷ முடின்னு எங்கயும் ஒரு வார்த்தை இல்ல, அவர் சொன்னது பூரா வாய்வார்த்தைதான். 1915க்கு, அதான் நுகர்வோர் உதவி எண், கூப்பிட்டு புகார் பதிஞ்சிருக்கோம். அதுக்கப்புறம் 2,000 தர்றேன்னு போன் பண்ணார், நாங்க ஒத்துக்கல. புகார் இன்னும் முடியாததாலதான் கடை பேர இங்க போடல. பில்லு, பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட், அந்த விளம்பரம் எல்லாத்தயும் பத்திரமா வச்சிருக்கேன், நீங்களும் வைங்க.

இன்னொன்னு, விக்குக்கு காசே குடுக்காம இருக்கவும் வழி இருக்கு, எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. சென்னையில செரியன் பவுண்டேஷன், மும்பையில மதத் ட்ரஸ்ட், தானமா வர்ற முடியில விக் செஞ்சு கேன்சர் பேஷண்டுகளுக்கு இலவசமா குடுத்துட்டு வர்றாங்க. போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. உங்க ஆஸ்பத்திரி சோஷியல் வொர்க்கர்கிட்டயும் மொதல்ல கேளுங்க, நாங்க அவங்கள போய்ப் பாக்கவே இல்ல.

இப்ப அக்கா போடறது பூரா காட்டன் தொப்பிதான். மாமாவோட பழைய பனியன், வேட்டியெல்லாம் எதிர்வீட்டு டெய்லரக்கா வாங்கிட்டுப் போய் ஆறு தொப்பி தச்சுக் குடுத்தாங்க, தலை ரணமா இருக்குன்னு தையல் உறுத்தாம வெளிப்பக்கம் வச்சு தச்சாங்க, எவ்ளோ சொல்லியும் காசு வாங்கல. சடங்குக்கு பட்டு பிளவுஸ் துணியிலயே ஒண்ணு, வழுக்காம இருக்க உள்ள காட்டன் லைனிங் வச்சு. அதப் போட்டுக்கிட்டுத்தான் அக்கா மகளுக்கு மாலை போட்டா.

நேத்து கூட அந்தக் கடை விளம்பரம் என் போன்ல வந்துச்சு, அதே கீமோ பேஷண்ட் தள்ளுபடி, அதே 16,500.