மெயில் அட்ரஸை சேர்வரே குடுக்கட்டும், ஆனா ஆளின்ர பேரைப் பாத்து வேண்டாம்

புது ஆள் சேரேக்க அவருக்கு ஈமெயில் அட்ரஸ் எப்பிடிக் குடுக்கிறது எண்டு எங்கட கந்தோரில போன வருசம் ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில மெயின் ஒஃபிஸ், கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் கிளை, மெயில் சேர்வர் மைக்ரோசொஃப்டின்ர எக்ஸ்சேஞ்ச். கையால ஒவ்வொண்டா அடிக்கிறதைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை, பத்துப் பேர் இருக்கிற இடத்துக்கு அது காணும், அதுக்கு மேல போனா ஒருத்தருக்குப் புள்ளி வரும் இன்னொருத்தருக்கு அண்டர்ஸ்கோர் வரும். மிச்சம் இருந்தது மூண்டு வழி. பேரில இருந்து அட்ரஸ் செய்யிற பொலிசி (சேர்வர் தானா அட்ரஸ் போடுறதுக்கு நாங்கள் வைக்கிற விதி), ஏலியஸில (சேர்வருக்குள்ள ஆளுக்கு வைக்கிற சின்னப் பேர்) இருந்து செய்யிற பொலிசி, இல்லாட்டி எச்.ஆர். தாற எக்செல் ஷீட்டை வாசிச்சு நாங்களே எழுதிற பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (சேர்வருக்குக் குடுக்கிற கட்டளைகள் எழுதின கோப்பு). நாங்கள் எடுத்தது ரெண்டாவது, அதால கொஞ்சம் பக்கச்சார்பாத்தான் எழுதுறன்.

எக்ஸ்சேஞ்சில ஈமெயில் அட்ரஸ் பொலிசி 2007 பதிப்பில இருந்து இருக்கு, அதுக்கு முந்தி ரிசிப்பியன்ட் பொலிசி எண்டு இருந்தது. டெம்பிளேட் (அட்ரஸின்ர அச்சு மாதிரி) ஒண்டு எழுதி விட்டா மெயில்பொக்ஸ் திறக்கேக்கயே அட்ரஸ் வந்திடும். %ஜி எண்டா முதற் பேர், %எஸ் எண்டா குடும்பப் பேர், %எம் எண்டா ஏலியஸ், %1ஜி எண்டா முதற் பேரின்ர முதல் எழுத்து மட்டும். கிளைக்கு ஒரு பொலிசி எண்டு கனக்கப் போடலாம், ஆனா ஒரு ஆளுக்கு ஒண்டுதான் வேலை செய்யும், முன்னுரிமை இலக்கம் சின்னனா இருக்கிறதுதான் வெல்லும், சேர்வரோட வாற டிஃபோல்ட் பொலிசி எப்பவும் கடைசி.

இப்ப %ஜி.%எஸ் பற்றி. இன்டர்நெட்டில எல்லாரும் உதைத்தான் போடச் சொல்லுவினம், வெளிநாட்டுக் கொம்பனிக்கு நல்லாத்தான் இருக்கும். எங்கட ஊரில முதற் பேர், குடும்பப் பேர் எண்டு ரெண்டு எங்க இருக்கு? கந்தையா சிவகுமார் எண்டா சிவகுமார்தான் ஆள், கந்தையா தகப்பன். ஃபோர்மில "முழுப்பெயர்" எண்டு ஒரு கட்டம், "முதலெழுத்துகளுடன் பெயர்" எண்டு இன்னொரு கட்டம், அதைப் பாத்து எச்.ஆர். பிள்ளை எதை எந்தக் கட்டத்தில போடுதோ அதுதான் அட்ரஸ். ஒராளுக்கு கந்தையா.சிவகுமார் எண்டு வரும், கொழும்பில இருந்து மெயில் போடுறவை "டியர் கந்தையா" எண்டு செத்துப்போன மனுசனைக் கூப்பிடுவினம். இன்னொராளுக்கு முதற் பேர்க் கட்டத்தில "கே.எஸ்." எண்டு புள்ளியோட கிடக்கும். டெம்பிளேட்டிலயும் ஒரு புள்ளி இருக்குத்தானே, ரெண்டு புள்ளி அடுத்தடுத்து வந்தா அது சாதாரணமாச் செல்லுபடியாகிற அட்ரஸே இல்லை. ஒரே அட்ரஸ் ரெண்டு பேருக்கு வந்தா எக்ஸ்சேஞ்ச் பின்னால 2 எண்டு இலக்கம் போட்டு விடும், பிழை இல்லை, ஆனா சிவகுமாருக்கு வரவேண்டிய சம்பளச் சிலிப் சிவகுமார்2க்குப் போற விளையாட்டு அங்கதான் தொடங்கும்.

இதெல்லாம் முதல் நாள் தலையிடி, திருத்திப் போட்டு விடலாம். நான் முடிவெடுத்தது உதுகளைப் பாத்து இல்லை, பேர் மாறேக்க என்ன நடக்குது எண்டதைப் பாத்து. எங்கட பொம்பிளைப் பிள்ளையளுக்கு கலியாணத்துக்கு முந்தி தகப்பன்ர பேர், பிறகு புருசன்ர பேர். வருசா வருசம் கந்தோரில ரெண்டு மூண்டு கலியாணமாவது நடக்கும். ஆக்டிவ் டிரெக்டரிக்குள்ள (ஆக்களின்ர விபரம் இருக்கிற பதிவேடு) போய்ப் பேரை மாத்தினா உடன ஒண்டும் நடக்காது, சரி எண்டு விட்டிடுவம், பேந்து எப்பவோ ஒரு நாள் ஆரோ பொலிசியை அப்டேட் பண்ணேக்க பேர் மாறின எல்லாற்ற அட்ரஸும் ஒரே தரத்தில மாறும், வங்கிக்கும் சப்ளையருக்கும் குடுத்த அட்ரஸ் வேற, இப்ப மெயில் போற அட்ரஸ் வேற. இதில பொலிசியின்ர நல்ல குணம் ஒண்டைச் சொல்லத்தான் வேணும், பழைய அட்ரஸை அழிக்காது, ரெண்டாம் நிலையில வைச்சிருக்கும். முதன்மை அட்ரஸுக்கு முன்னால எஸ்எம்டிபி எண்டு கப்பிட்டல் எழுத்தில நிக்கும், மற்றதுக்குச் சின்ன எழுத்தில. அதால வாற மெயில் துலையாது. ஆனா லொகின் பேர் இதோட சேந்து மாறாது, அது வேற ஃபீல்ட், "நான் எதைப் போட்டு உள்ளுக்குப் போறது" எண்டு போன் வரும்.

%எம் போட்டா இந்தக் கரைச்சலே இல்லை. ஏலியஸை முதல் நாள் நாங்கள் எழுதிறம், அந்தப் பிள்ளையைக் கந்தோரில எப்பிடிக் கூப்பிடுறமோ அது, தேவையெண்டா ஒரு இனிஷியல். பிறகு பேர் எத்தினை தரம் மாறினாலும் டிஸ்பிளே நேமை மட்டும் மாத்தினாச் சரி, அட்ரஸ் அசையாது. மைக்ரோசொஃப்டின்ர டிஃபோல்ட் பொலிசியே ஏலியஸில இருந்துதான் அட்ரஸ் எடுக்குது, அதை மாத்தாமல் விட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. குறை எண்டா, ஏலியஸ் எழுதிற ஆள் கவனமா இருக்கவேணும், ஒரே ஏலியஸ் ரெண்டு பேருக்கு விழக்கூடாது. எங்கட அளவுக்கு ஒரு ஷீட்டில பாத்துப் போடலாம், ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில இது சரிவருமோ எண்டதுக்கு என்ர அனுபவம் காணாது.

ஸ்கிரிப்ட்காரருக்கு ஒரு சொல். செட்-மெயில்பொக்ஸ் கொமாண்டில புது அட்ரஸ் லிஸ்டை அப்பிடியே குடுத்தா முன்னம் இருந்த லிஸ்ட் முழுக்கப் போயிடும், "அட்" எண்டு சேத்துக் குடுத்தால்தான் பழையது நிக்கும். பொலிசி பிடிச்சிருக்கிற மெயில்பொக்ஸில முதன்மை அட்ரஸை மாத்தவும் விடாது, பொலிசிப்படி அட்ரஸ் தானா மாறட்டும் எண்டு போட்டிருக்கிற டிக்கை எடுக்கவேணும், எடுத்தா பேந்து பொலிசி அந்த ஆளைத் திரும்பியும் பாக்காது. எழுதின பெடியன் கனடாவுக்குப் போனாப் பிறகு அந்த ஸ்கிரிப்டை ஆர் வாசிக்கிறது எண்டும் யோசிக்கவேணும்.

ஆனா முழுசா கிளவுடுக்குப் போறவைக்கு ஸ்கிரிப்ட்தான் வழி, ஏனெண்டா எக்ஸ்சேஞ்சின்ர கிளவுட் பதிப்பான எக்ஸ்சேஞ்ச் ஒன்லைனில இந்தப் பொலிசி குரூப்புகளுக்கு மட்டும்தான், ஆக்களின்ர மெயில்பொக்ஸுக்கு இல்லை. சொந்தச் சேர்வரில ஓடுற எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்பு ரெண்டுக்கும் 2025 ஒக்டோபர் 14 ஓட சப்போர்ட் முடிஞ்சுது, இன்னும் அதிலயே ஓடுறவை சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனா (சொந்தச் சேர்வருக்கான புதுப் பதிப்பு) கிளவுடா எண்டதை முதல் தீர்மானிச்சுப்போட்டு அட்ரஸ் விசயத்தைத் தொடுங்கோ.