தளர்ந்த முதியவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது: பிரிட்டன் வழியா, டென்மார்க் வழியா?

விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட, விழுமுன்னே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. இதை இரண்டு நாடுகள் வேறுவேறு விதமாகச் செய்து பார்த்தன.

பிரிட்டன் 1990-ல் குடும்ப டாக்டர்களின் ஒப்பந்தத்தில் இதைச் சேர்த்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அழைக்க வேண்டும், வேண்டுமென்றால் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகவும் சொல்ல வேண்டும். கண், காது, நடமாட்டம், மனநிலை, சிறுநீர்ப் பிரச்சினை, மருந்து, வீட்டுச் சூழல் என்று பட்டியலில் குறையே இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலை நிரப்பிவிட்டுப் போனால் என்ன மாறும்? 106 கிளினிக்குகளில் நடந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. எல்லோரையும் விரிவாகச் சோதித்தாலும், பிரச்சினை தெரிந்தவர்களை மட்டும் சோதித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு வந்த புதிய ஒப்பந்தத்தில் இந்த விதியே காணாமல் போனது.

டென்மார்க்கின் கதை கோபன்ஹேகன் புறநகரான ரோடோவ்ரேயில் தொடங்குகிறது. 75 தாண்டிய சுமார் 600 பேரில் பாதிப் பேரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுகள் வீட்டில் போய்ப் பார்த்தார்கள். அவர்களில் ஆஸ்பத்திரிச் சேர்க்கை 219, மற்றவர்களில் 271. 1984-ல் வெளிவந்த முடிவு இது. மூன்று மாதத்தில் திரும்பி வருகிறவருக்குத்தான் போன தடவை மடங்கிக் கிடந்த கம்பளம் இன்னும் அப்படியே இருப்பதும், பிரஷர் மாத்திரை அட்டை பாதி காலியாகாமல் கிடப்பதும் கண்ணில் படும்.

1998 முதல் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வருகை தர முன்வருவது நகராட்சிகளின் கடமையானது. வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. அதில்தான் சிக்கல், வேண்டாம் என்பவரே சில சமயம் அதிகம் தேவைப்படுகிறவர். போகிறவருக்குப் பயிற்சியும் முக்கியம். 34 நகராட்சிகளில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் போன ஊர்களில் 80 வயதுக்காரர்களின் அன்றாடச் செயல்திறன் மேலாக இருந்தது. 75 வயதுக்காரர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

என் ஓட்டு டென்மார்க்குக்குத்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் என்பதற்கு அல்ல. அவர்களே பின்னாளில் வருகைகளைக் குறைத்தார்கள். கூடவே, 65 முதல் 79 வயதுக்குள் துணையை இழந்தவர்கள் மாதிரி ஆபத்தில் இருப்பவர்களுக்கும் வருகையை விரித்தார்கள். சரி, நம் தமிழ்நாட்டு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்? 2021-ல் வந்த அந்தத் திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. பெரும்பாலும் நோய் வந்தபின் தொடங்குகிற கவனிப்பு அது. ஆனால் மாத்திரை கொடுக்க வருகிறவரே பாத்ரூம் தரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாமே.