ரிட்டர்னில் வந்தது நான் விற்ற லென்ஸ் இல்லை

பயன்படுத்திய பொருள்களை ஆன்லைனில் விற்கிறீர்களா? அடுத்த பார்சலைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் விற்றது கண்ணாடி சுத்தமாக இருந்த ஒரு 50 மி.மீ. கேமரா லென்ஸ். திரும்பி வந்தது அதே மாடல்தான், ஆனால் உள்ளே பூஞ்சை பிடித்த வேறொன்று. பொருளும் போனது, பணமும் போனது, திரும்பி வந்த கூரியர் செலவும் என் தலையில் விழுந்தது.

நான் கடை வைத்திருப்பவன் இல்லை. கேமரா ஆசையில் சேர்த்த லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு விற்பனை வம்பில்லாமல் முடிந்ததில் கொஞ்சம் மெத்தனம் வந்துவிட்டது. இந்த லென்ஸுக்கும் முன்பக்கம், பின்பக்கம், மூடி, ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) என்று ஏழு படங்கள் போட்டேன். சீரியல் நம்பர் மட்டும் எதிலும் தெரியாது. மறந்துபோய் விட்டதல்ல. நம்பரை யாராவது எடுத்துத் தப்பாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்று பயந்து, நானே அந்தப் பக்கத்தை மறைத்து வைத்துப் படம் எடுத்தேன். ரொம்ப புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாக அப்போது நினைப்பு.

பொருள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், வாங்கியவர் தன் எண்ணை அனுப்பிப் பேசச் சொன்னார். பேசினேன். மரியாதையான குரல். "சார், இதுல கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி இல்லையா?" என்றார். இல்லை, விவரத்திலேயே அப்படி எழுதியிருக்கிறேனே என்றேன். "அடடா, நான் கவனிக்கல. திருப்பி அனுப்பலாமா?" பழைய பொருள், மனம் மாறினால் திரும்ப எடுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். சரிங்க என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ரிட்டர்ன் கோரிக்கை வந்து நின்றது. காரணம்: பொருள் விவரத்தில் சொன்னபடி இல்லை.

பல விற்பனைத் தளங்களில் ரிட்டர்னுக்கு இரண்டு வாசல் உண்டு. 'வேண்டாம் என்று தோன்றிவிட்டது' என்பது ஒன்று. இதில் நீங்கள் எழுதிய நிபந்தனை செல்லும், திருப்பி அனுப்பும் செலவும் பெரும்பாலும் வாங்கியவருடையது. 'சொன்னபடி இல்லை' என்பது மற்றொன்று. அந்த வாசலில் 'ரிட்டர்ன் கிடையாது' என்று நீங்கள் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் மதிப்பில்லை, செலவும் உங்களுடையது. முதல் வாசல் சாத்தியிருப்பதைப் பார்த்தவர் இரண்டாவதைத் தட்டுகிறார், அவ்வளவுதான். தொலைபேசியில் அவர் ஒத்துக்கொண்ட விஷயத்துக்கு என்னிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. தளம் பார்ப்பது தன் செய்திப் பெட்டியில் இருப்பதை மட்டும்தான்.

கோரிக்கையோடு ஒரு படமும் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில், கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. ஈரக்காற்றில் பல வாரம், பல மாதம் கிடந்தால் வருகிற அளவு அது. அனுப்புவதற்கு முந்தைய இரவுதான் நானும் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன், ஒன்றுமில்லை. பார்த்தேன் என்பதற்குச் சாட்சி நான் மட்டும்.

பார்சல் திரும்பி வந்தது. சோதித்துப் பார்த்து ஆட்சேபம் சொல்ல நான் விற்ற தளம் கொடுத்தது இரண்டு நாள். வேலை மும்முரத்தில் பெட்டி மேசையிலேயே கிடந்தது. இரண்டாம் நாள் இரவு, ஒரு கையில் கட்டர், மறு கையில் காப்பி என்று அலட்சியமாகப் பிரித்தேன். ஹூட் இல்லை. ஃபில்டர் மாட்டும் வளையத்தில் ஒரு நசுங்கல். எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிட்டது, பல வருஷம் கையில் புழங்கிய பொருளாயிற்றே.

நிரூபிக்க வேண்டுமே. அப்புறம்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. இப்போதைய கேமராக்கள் பலவும் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும், எந்த லென்ஸில் எடுத்தது என்ற தகவலை எழுதி வைக்கின்றன. சிலவற்றில் லென்ஸின் சீரியல் நம்பரும் பதிவாகும். பழைய படங்களைத் தோண்டினேன், நம்பர் இருந்தது. வந்த லென்ஸின் நம்பர் வேறு. ஜெயித்துவிட்டோம் என்று இரண்டையும் அனுப்பினேன்.

பதில் நான்கு வரி. அந்த நம்பர் விற்பனைப் பக்கத்தில் இல்லை. நீங்கள் காட்டும் லென்ஸ்தான் அந்தப் பார்சலில் வந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. வாங்கியவருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. கொதித்துப் போனேன். ஆனால் இரண்டு நாள் கழித்து யோசித்தால், அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நானே நல்ல லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு கெட்ட லென்ஸைக் காட்டியிருக்கலாம் அல்லவா? அவர்களுக்கு இரண்டு பேரும் யாரோ. பார்சலின் எடையைப் பாருங்கள் என்றும் கேட்டேன். பெட்டிக்குள் சோப்புக்கட்டி வைத்து அனுப்புகிறவர்களிடம் அது உதவும். அதே மாடலை மாற்றி வைத்தால் எடையும் அதேதான். ஹூட்டின் சில கிராம், கூரியர்காரர் எடையை அடுத்த முழு அளவுக்கு ஏற்றிப் போடும் கணக்கில் கரைந்துவிட்டது.

இப்போது சீரியல் நம்பர் விற்பனைப் படத்திலேயே பளிச்சென்று இருக்கிறது. நம்பரை மறைத்தால் அதனால் லாபம் மாற்றி அனுப்புகிறவருக்குத்தான். நம்பர் இல்லாத பொருளாக இருந்தால், அதற்கே உரிய கீறலைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுகிறேன். கட்டும்போது ஒரே வீடியோ, நிறுத்தாமல்: நம்பர், டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடி, பெட்டிக்குள் வைப்பது, டேப், முகவரிச் சீட்டு. ரிட்டர்ன் வந்தால் அன்றைக்கே, ஒட்டிய சீட்டிலிருந்து தொடங்கி அதே மாதிரி பிரிக்கும் வீடியோ. யார் பேசக் கூப்பிட்டாலும், "இங்கேயே எழுதுங்க" என்று செய்திப் பெட்டியில் பதில். முறைப்பாகத் தெரிகிறதாம், ஒருவர் சொன்னார். தெரியட்டும்.

செல்போன் விற்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, அனுப்பும்போதும் திரும்ப வாங்கும்போதும் ஒப்பிடுவதோடு விடாதீர்கள். வாங்கியவர் போனில் போட்டிருந்த தன் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்றும் பாருங்கள். போன் உங்களுடையதாகவே திரும்பி வந்து, பூட்டு அவருடையதாக இருந்தால் அதை வைத்து என்ன செய்வது?

'புதுசு மாதிரி', 'நல்ல நிலை' போன்ற வார்த்தைகளையும் விட்டுவிட்டேன். அவரவர் கண்ணுக்கு அவரவர் 'நல்ல நிலை'. குறையை எழுதினால் விலை குறையும் என்று பயந்தேன். கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

அந்தப் பூஞ்சை லென்ஸை மற்றவற்றோடு வைக்க மனசு வரவில்லை. தனியாகப் பையில் போட்டு மூடி வைத்திருந்தேன். போன மாதம் அதையும் விற்பனைக்குப் போட்டேன், முதல் வரியிலேயே 'உள்ளே பூஞ்சை உண்டு, உதிரி பாகங்களுக்கு மட்டும்' என்று எழுதி, வலை தெரிகிற படத்தையே முதல் படமாக வைத்து. இதுவரை மூன்று பேர் விசாரித்திருக்கிறார்கள். மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: "கண்ணாடி சுத்தமா இருக்கா சார்?"