50 சொற்களா, 25 சொற்களா? ஸ்டாக் படங்களுக்குக் கீவேர்டு எழுதும் முறைகள்: ஓர் ஒப்பீடு

ஸ்டாக் படங்கள் என்பவை இணையத் தளங்களில் விற்பனைக்கு வைக்கும் படங்கள்; வாங்குபவர் தேடிக் கண்டுபிடிப்பதற்காக நாம் அவற்றோடு இணைக்கும் தேடல் சொற்களே கீவேர்டுகள். அப்படி ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சுருக்கம் விழுந்த ஒரு கை. அதன் ஒற்றை விரலைப் பற்றியிருக்கும் ஒரு குழந்தையின் கை. பின்னணி மங்கலாக இருக்கிறது, இடப்பக்கம் முழுக்க வெற்றிடம். இதே படத்துக்கு நான்கு பேர் நான்கு விதமாகக் கீவேர்டு எழுதுவார்கள். ஒருவர் எழுதியது வாங்குபவரின் முதல் பக்கத்துக்குப் போகும். இன்னொருவர் எழுதியது லட்சக்கணக்கான படங்களுக்கு அடியில் புதைந்துபோகும். படத்தில் வேறுபாடு இல்லை, சொல்லில்தான் இருக்கிறது. கீவேர்டுகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தருகிறோம்; பேச வசதியாக இங்கே தமிழிலேயே சொல்கிறேன்.

முதல் போட்டி, பெட்டியை நிரப்புவோருக்கும் தேர்ந்தெடுப்போருக்கும் இடையே. படம் விற்கும் தளங்களில் ஷட்டர்ஸ்டாக் குறைந்தது 7, அதிகபட்சம் 50 சொற்களை ஏற்கிறது. அடோபி ஸ்டாக்கில் 5 முதல் 49 வரை. அலமியிலும் 50 வரை தரலாம். இடம் இருக்கிறதே, ஏன் வீணாக்க வேண்டும் என்பது நிரப்புவோரின் வாதம். ஒவ்வொரு சொல்லும் ஒரு தூண்டில், 50 தூண்டில் போட்டால் ஏதாவது ஒன்றில் மீன் சிக்கும் என்பார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். நம் படத்தில் 25 சொற்கள் வரை இயல்பாக வரும். அதற்குப் பிறகு மனம் அலையத் தொடங்கும்: விரல், நகம், தோல், உடல், மனிதர், அழகு, இயற்கை. நகம் என்று தேடுபவருக்கு வேண்டியது நகப்பூச்சு போட்ட விரல்கள். அவர் முன்னால் நம் படம் வந்து நிற்கும். அவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

தாண்டிப் போனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. அலமி தளம், தேடலில் உங்கள் படங்கள் எத்தனை முறை தோன்றின, அவற்றில் எத்தனை முறை யாராவது பெரிதாக்கிப் பார்த்தார்கள் என்ற விகிதத்தைக் கணக்கிடுகிறது. பொருந்தாத சொல் தோற்றத்தைக் கூட்டும், பார்வையைக் கூட்டாது. விகிதம் சரியும், தேடல் வரிசையில் படங்கள் பின்னுக்குப் போகும். தூண்டில் உவமை இங்கேதான் உடைகிறது. மீன் சிக்காத தூண்டில் சும்மா கிடக்கும். பொருந்தாத கீவேர்டு சும்மா கிடப்பதில்லை.

அதற்காகக் குறைவாக எழுதுவதே எப்போதும் சரி என்று சொல்ல மாட்டேன். ஆட்களும் வண்டிகளும் பொருட்களும் நிறைந்த ஒரு தெருக் காட்சிக்கு 45 உண்மையான சொற்கள் கிடைக்கும், எல்லாவற்றையும் எழுதுங்கள். வெறும் நீலச் சுவரின் படத்துக்கு 12 போதும். பெரும்பாலான படங்கள் 20 முதல் 30 சொற்களில் நிறைவு பெறுகின்றன என்பது என் அனுபவம்.

அடுத்தது, கண்ணில் படுவதை எழுதுவதா, மனத்தில் தோன்றுவதை எழுதுவதா என்பது. எனக்கு மிகவும் பிடித்த சண்டை இது. படத்துக்குப் படம் இதன் தீர்ப்பு மாறுகிறது. கை, குழந்தை, சுருக்கம், பற்றுதல் என்பவை காட்சிச் சொற்கள். பாசம், தலைமுறை, பராமரிப்பு, நம்பிக்கை என்பவை கருத்துச் சொற்கள். நம் படத்தை விலை கொடுத்து வாங்கப்போவது யார்? முதியோர் பராமரிப்பு பற்றிக் கட்டுரை போடும் இதழ், காப்பீட்டு விளம்பரம் தயாரிப்பவர், குடும்பநல அமைப்பு. அவர்கள் "சுருக்கம்" என்று தேட மாட்டார்கள். "தலைமுறை" என்றுதான் தேடுவார்கள். இங்கே கருத்துச் சொல்லே சோறு போடும்.

கிளையில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தியின் படத்தை எடுங்கள், நிலைமை தலைகீழ். பாடநூல் பதிப்பாளருக்கும் வனவிலங்கு இதழுக்கும் வேண்டியது அது எந்த மீன்கொத்தி என்ற விவரம். அது சிறு மீன்கொத்தி என்றால், ஆல்சிடோ ஆத்திஸ் என்ற அறிவியல் பெயர்தான் அந்தப் படத்தின் வலுவான சொல். பறவைப் படம் என்றாலே "சுதந்திரம்" என்று எழுதும் பழக்கம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. இனப் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனாலும் அந்த நேரம் வீண் இல்லை.

இரண்டு அணியிலும் சேராத மூன்றாவது வகைச் சொற்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: எழுத்துக்கான வெற்றிடம், அண்மைக் காட்சி, ஒரே ஒருவர், ஆட்கள் இல்லை. வடிவமைப்பாளர் தலைப்பு எழுத இடம் தேடுகிறார். நம் படத்தின் இடப்பக்கம் அதற்காகவே காத்திருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் படத்தின் பாதி மதிப்பு போயிற்று.

ஒற்றைச் சொல்லா, சொற்றொடரா என்பதைத் தளமே தீர்மானிக்கிறது. "வெள்ளை நிறச் சிறிய நாய்க்குட்டி" என்பதை அடோபியில் வெள்ளை, சிறிய, நாய்க்குட்டி என்று பிரித்துத் தருவது நல்லது. அலமியில் சொற்றொடரையும் ஒரே குறிச்சொல்லாகத் தரலாம். அவற்றுள் 10 வரை முதன்மைக் குறிச்சொற்களாக உயர்த்தலாம். கெட்டி நிறுவனத்தின் ஐஸ்டாக் வேறு வழியில் போகிறது. அங்கே நாம் தரும் சொல் ஒரு கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியலில் பொருத்தப்படுகிறது. ஆங்கிலத்தில் "கிரேன்" என்று எழுதினால் பறவையா, பளு தூக்கும் இயந்திரமா என்று நாம் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இந்தத் தளங்களிலேயே சொல்லின் பொருளை இவ்வளவு மதிக்கும் முறை அதுதான் என்று நினைக்கிறேன்.

வரிசை விஷயத்தில் அடோபி கண்டிப்பானது. முதல் 10 சொற்களுக்கே அதிக எடை. எழுத்து அகரவரிசையில் கீவேர்டுகளை அடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், பதிவேற்றிய பின் வரிசையைத் திருத்தாவிட்டால் அந்த எடை முழுவதும் வீண். எனவே எந்தத் தளத்துக்கு அனுப்பினாலும் அடோபிக்கு எழுதுவதுபோல வரிசைப்படுத்தி, ஐபிடிசி தகவலாக, அதாவது படத்தோடு சேர்ந்தே போகும் விவரக் குறிப்பாக, படக்கோப்பிலேயே பதித்துவிடுகிறேன். கண்டிப்பான இடத்துக்குப் பொருந்தியது மற்ற இடங்களில் கெட்டுப்போகாது.

இயந்திரம் பரிந்துரைக்கும் கீவேர்டா, கையால் எழுதுவதா? அடோபியும் ஷட்டர்ஸ்டாக்கும் பரிந்துரைகள் தருகின்றன. மறந்துபோன சொல்லை நினைவூட்ட அவை நல்ல துணை. அதற்கு மேல் நம்ப மாட்டேன். இயந்திரத்துக்குத் தெரிவது பிக்சல். அந்தக் கை எழுபது வயதுப் பெண்ணுடையது என்பதும், குழந்தை அவருடைய பேத்தி என்பதும் படம் எடுத்தவருக்கே தெரியும். நன்றாக விற்கும் படத்தின் கீவேர்டுகளை அப்படியே எடுத்துக்கொள்வது இதைவிட மோசம். அந்தப் படத்தில் இருந்த ஜன்னலும் நாற்காலியும் நம் படத்துக்கு வந்து சேர்ந்துவிடும். வணிகப் பயன்பாட்டுக்கான படமென்றால் வணிகப் பெயர்களைச் சேர்க்காதீர்கள். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்துக்கு ஓவியர்களின் பெயரை இடுவதை அடோபி தடை செய்திருக்கிறது.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. "வயதான" என்று மனத்தில் தோன்றியதும் "ஓல்டு" என்று எழுதிவிடுகிறோம். அது பழைய கட்டடத்துக்கும் பழைய காருக்கும் பொதுவான சொல். வாங்குபவர் "சீனியர்", "எல்டர்லி" என்று தேடுகிறார்.

அந்தக் கைகளின் படத்துக்கு நான் கடைசியில் வைத்த முதல் பத்து: தலைமுறை, முதியவர், குழந்தை, கைகோத்தல், பாட்டி, பேத்தி, பராமரிப்பு, பாசம், அண்மைக் காட்சி, எழுத்துக்கான வெற்றிடம். பிறகு இன்னும் 14 சொற்கள். "குடும்பம்" என்பதை முதல் பத்தில் சேர்ப்பதா என்று வெகுநேரம் யோசித்தேன். அந்தச் சொல்லில் போட்டி மிக அதிகம். இரண்டு கைகள் மட்டுமே தெரியும் படத்தை அங்கே யாரும் தேட மாட்டார்கள். அதைப் பதினோராவது இடத்தில் வைத்தேன். "நகம்" பட்டியலில் இல்லை.