ஜனாதிபதி நாற்காலி: டெல்லியா, கொழும்பா, வாஷிங்டனா?

கேரளத்துக் குளத்துப்புழை சாயாக்கடையில் ஒரே பதவிக்கு மூன்று பெயர் புழங்கும். மலையாளப் பத்திரிகை படிப்பவருக்கு ராஷ்டிரபதி. தமிழ்நாட்டு டிவி பார்ப்பவருக்குக் குடியரசுத் தலைவர். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ரப்பர் பால் வெட்டிய எங்கள் பெரியவர்களுக்கு இன்றைக்கும் ஜனாதிபதிதான். பேச்சு சூடானால் பாதிச் சண்டை அந்தச் சொல்லால் வருவது. அவர்கள் மனதில் இருக்கும் கொழும்பு நாற்காலி வேறு, டெல்லியில் இருப்பது வேறு.

வேடிக்கை என்னவென்றால், என் பெரியப்பா தலைமன்னாரில் கப்பலேறியபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 1972 அரசியலமைப்பின்படி அங்கே வில்லியம் கோபல்லாவ ஜனாதிபதி. ஆட்சி முழுக்கப் பிரதமர் சிறிமாவோ கையில். 1978இல் ஜெயவர்தன அதைத் தலைகீழாக்கினார். அமைச்சரவைக்குத் தலைமை ஜனாதிபதி, அமைச்சர்களை வைப்பதும் எடுப்பதும் அவர், பதவியில் இருக்கும்வரை வழக்கும் போட முடியாது.

டெல்லி நாற்காலியில் இதெல்லாம் கிடையாது. அமைச்சரவை சொல்வதைத்தான் செய்ய வேண்டும் என்று 1976இல் 42ஆவது திருத்தம் கட்டிப்போட்டது. 1978இல் 44ஆவது திருத்தம் கொஞ்சம் தளர்த்தியது: 'மறுபடி யோசியுங்கள்' என்று ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். அந்த ஒரு தடவையை நன்றாகப் பயன்படுத்தியவர் நம் கோட்டயம் ஜில்லாக்காரர், உழவூர் கே.ஆர். நாராயணன். 1997இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையைத் திருப்பினார். குஜ்ரால் அரசு அதோடு விட்டுவிட்டது. 1998இல் பீகார் பரிந்துரையையும் திருப்பினார். வாஜ்பாய் அரசு சில மாதம் கழித்து மறுபடி அனுப்பியது. கையெழுத்துப் போட்டார், வேறு வழியில்லை.

அதிகாரம் குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். 1975 ஜூன் 25 அதற்கு இடைஞ்சல். அன்றைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அன்றிரவே நெருக்கடி நிலைக்குக் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் தெரியும். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் இனி அப்படி அறிவிக்கக் கூடாது என்பதும் 44ஆவது திருத்தம் போட்ட பூட்டுதான்.

கொழும்பிலும் பூட்டு போட்டுப் பார்த்தார்கள். 2015இல் வந்த 19ஆவது திருத்தப்படி, நாலரை வருஷம் ஆகும் முன் நாடாளுமன்றத்தை ஜனாதிபதி தானாகக் கலைக்க முடியாது. 2018 நவம்பரில் சிறிசேன கலைத்தார். டிசம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். சரி, பூட்டு பிடித்தது. இரண்டே வருஷத்தில் 20ஆவது திருத்தம் வந்து நாலரையை இரண்டரை ஆக்கிவிட்டது. அப்புறம் 2022இல் ஜனாதிபதி கோத்தபயவை இறக்கியது எந்தச் சட்டப் பிரிவும் இல்லை, தெருவில் நின்ற ஜனம்.

வாஷிங்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மசோதாவை மறுக்கும் வீட்டோ உண்டு, அதை இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் முறிக்கலாம். பதவி நீக்கத் தீர்மானம் கீழ்ச்சபையில் மூன்று பேர் மேல் நான்கு முறை நிறைவேறியது. மேல்சபையான செனட் யாரையும் பதவியை விட்டு அனுப்பவில்லை. அங்கே எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, கடிகாரம். மசோதா கைக்கு வந்தால், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள். அதற்குள் திருப்பாவிட்டால், காங்கிரஸ் கூடியிருக்கும் காலத்தில், அது தானாகச் சட்டம்.

டெல்லியில் கடிகாரமே இல்லை. 1986 தபால் மசோதாவில் அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பவும் இல்லை, அப்படியே கிடந்தது. மாநில மசோதா என்றால் இன்னும் மோசம். கவர்னர் அதை டெல்லிக்கு அனுப்பினால், சட்டசபை இரண்டாவது முறை நிறைவேற்றினாலும் ஒப்புதல் தந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. கேரளத்தின் சில மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்காமல் போக, 2024இல் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. தமிழ்நாட்டு வழக்கில் 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதக் கெடு வந்தது. நவம்பரில் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, நீதிமன்றம் கெடு வைக்க முடியாது என்று கருத்துச் சொல்லிவிட்டது.

ஆக, என் ஓட்டு டெல்லி நாற்காலிக்கு, வாஷிங்டன் கடிகாரத்தைப் பக்கத்தில் மாட்டிவைத்தால்.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க ஜனாதிபதிக்கு ஜனம் நேரா ஓட்டுப் போடுது. இங்க யாரு நம்மளக் கேட்டா?" என்றார். உண்மைதான், இங்கே போடுவது எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும். கேரள எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு 152, தமிழ்நாட்டுக்காரருக்கு 176. அதுவும் 1971 மக்கள்தொகைக் கணக்கில். நாடற்றவர் என்று அங்கே ஒரு ஓட்டும் போடாமல் கப்பலேறியவரிடம் இந்தக் கணக்கை எப்படி விளக்குவது? சாய் இரண்டு கிளாஸ் சொன்னேன்.