பாணந்துறைக் குரங்கும் மத்திய வீதி காஸ் கடையும்

திருகோணமலை மத்திய வீதியில் காஸ் அடுப்பு பழுது பார்த்து, ரெகுலேட்டர், பைப் எல்லாம் விற்கிற ஒரு சின்னக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை வெயிலில் மங்கி எழுத்தே தெரியாது. நான் அங்கே போய்ப் பொருள் வாங்கியவள் இல்லை, அந்தக் கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவர், அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் செய்த வேலையைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு, இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்கக் கரண்ட் போன நாள், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்று காலையில் கோணேசர் கோவிலுக்குப் போனோம். எங்கள் பக்கம் குரங்குத் தொல்லை அதிகம், குசினி யன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலும் வாழைப்பழம் போய்விடும். அதனால் எல்லா யன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டுத்தான் கிளம்பினோம். அடுப்பின் குமிழை அணைத்திருந்தேன், ஆனால் ரெகுலேட்டரை மூடவில்லை. எத்தனையோ வருடமாக நான் மூடியதே இல்லை.

கோவிலால் இறங்கி நேரே வந்திருந்தால் பதினொரு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்திருப்போம். வழியில் பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்களைக் கண்டதும் மகள் அசையவில்லை. குட்டி ஒன்று பால் குடித்துக்கொண்டிருந்தது, அது முடியும்வரை பார்க்கவேண்டும் என்றாள். நான் வெயிலில் நின்று அவளோடு சண்டை பிடித்தேன். முக்கால் மணித்தியாலம் அங்கேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு ஆகப்போகிறது. கரண்ட் போனதே எங்களுக்குத் தெரியாது. எனக்கோ மூன்று நாளாகச் சளி, மூக்கு அடைத்து ஒரு மணமும் தெரியாது. குசினிக்குள் போய்ப் பழக்கத்தில் சுவிட்சைப் போட்டேன். லைட் எரியவில்லை. மறுபடியும் தட்டப் போகும்போது பின்னால் வந்த மகள், "அம்மா, காஸ் மணக்குது" என்றாள்.

ரெகுலேட்டரை மூடி, யன்னல்களைத் திறந்து, அவளை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினேன். கை நடுங்கி போனைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் நானாவுக்கு எடுத்துக் கொடுத்தார். நானா என் கதையை முழுக்கக் கேட்கவில்லை. "தங்கச்சி, மெயின் சுவிட்ச் எங்க இருக்கு? வெளியிலயா? முதல்ல அத ஓஃப் பண்ணுங்க. கரண்ட் எப்ப வரும்னு ஆருக்கும் தெரியாது" என்றார்.

நான் போட்ட சுவிட்ச் போட்டபடியே இருந்தது, பிரிட்ஜ் பிளக்கில் இருந்தது. கரண்ட் எந்த நேரமும் திரும்பி வந்திருக்கலாம், நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டு மெயின் முன் விறாந்தையில்தான் இருக்கிறது, அண்ணன் ஓடிப்போய் இறக்கினார். இந்த ஒரு கேள்விக்காகவே நானாவின் கடையை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

கரண்ட் இல்லாததால் கடையில் வேலை ஓடாமல் அவர் சும்மா இருந்திருக்கிறார், பத்து நிமிடத்தில் சைக்கிளில் வந்துவிட்டார். வந்தவுடன் வேலையில் இறங்கவில்லை. கதவையும் யன்னலையும் இன்னும் அரை மணித்தியாலம் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார். காஸ் காற்றைவிடப் பாரமாம், மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். காஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது, கசிவு தெரியவேண்டும் என்றுதான் எத்தில் மெர்கப்டன் என்ற நாற்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். அவர் லைட் சுவிட்சைவிடப் பிரிட்ஜைத்தான் பெரிதாகச் சொன்னார். அதன் பின்னால், கீழே, மோட்டாரோடு ரிலே என்று தானாக வேலை செய்கிற ஒரு சுவிட்ச் இருக்கிறது, மோட்டார் தானாக ஓடித் தானாக நிற்கும்போதெல்லாம் அங்கே சின்னப் பொறி பறக்கலாம். காஸ் படுத்துக் கிடந்த அதே உயரத்தில். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிழை பைப்பில். மேசைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எலி கடித்திருந்தது. 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்பு வெடித்த செய்தி வந்ததே, சிலிண்டரில் புரொப்பேன் என்ற வாயுவின் பங்கைக் கூட்டியதால் அமுக்கம் ஏறியது என்றெல்லாம் பேசிக்கொண்டார்களே, அந்தப் பயத்தில் வேறொரு கடையில் அவசரமாக வாங்கிப் போட்ட பைப் அது. எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரையும் இல்லை, திகதியும் இல்லை. பயந்து வாங்கினேன், பார்த்து வாங்கவில்லை.

நானா புதுப் பைப் போட்டு, எலி கடிக்காமல் அதன்மேல் கம்பிப் பின்னல் உறை ஏற்றி, இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கினார். ரெகுலேட்டரையும் மாற்றவா என்று நானே கேட்டேன். கழற்றிப் பார்த்துவிட்டு, இது நல்லது, வீண் செலவு வேண்டாம் என்றார். பிறகு சவர்க்காரத் தண்ணீரை நுரைக்கவைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவி, குமிழி வருகிறதா என்று மகளைப் பார்க்கச் சொன்னார். எல்லாமாக 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. குறை என்றால் பற்றுச்சீட்டு தரமாட்டார், தன் போனைப் பாதி நேரம் எடுக்கமாட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அக்கா வீட்டு அடுப்புக்குக் கூப்பிட்டபோது சொன்ன நாளுக்கு வராமல் மறுநாள்தான் வந்தார். வேலையில் ஒரு சொல் சொல்ல இடமில்லை.

பின்னேரம் கரண்ட் வந்த பிறகுதான் செய்தி பார்த்தோம். பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு, அதனால் முழு நாட்டுக்கும் கரண்ட் போனதாக அமைச்சர் சொன்னார். ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, கூரைகளில் சூரிய மின்சாரம் அதிகம், அதனால்தான் ஒரு சின்னத் தடங்கலையும் தாங்க முடியவில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரங்குக்குப் பயந்து நான் சாத்திய யன்னல்தான் காஸை உள்ளே அடைத்து வைத்தது. எங்கோ தெற்கில் இன்னொரு குரங்கு கரண்டை நிறுத்தியது. கோட்டையில் ஒரு மான்குட்டி எங்களைப் பிடித்து வைத்தது. அதுவும் என் பிள்ளையின் மூக்கும் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் இரவில் யோசிக்கிறேன். மான் பார்க்கக் கேட்டால் இப்போது நான் அவசரப்படுத்துவதில்லை.

கடை வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பூட்டினால் இரண்டரைக்குத்தான் திறக்கும். போகிறவர்கள் வீட்டுப் பைப்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். நானா அதை வெளிச்சத்தில் வளைத்துப் பார்ப்பார், நல்லதாக இருந்தால் காசு வாங்காமல் திருப்பித் தருவார்.